சஹனைச் சுற்றி ஆறு விதம்

போட்டிக் கணக்குகளில் வரும் மனிதர்கள் ஒரு தினுசானவர்கள். விருந்துக்குப் போனால் ஒருவர் விடாமல் எல்லாரோடும் கைகுலுக்குவார்கள். சாப்பிட்டார்களா என்பதற்குத் தகவல் இருக்காது. படிக்கட்டில் ஒன்று அல்லது இரண்டு படியாகத் தாவித்தான் ஏறுவார்கள். மூட்டு வலிக்கிறதென்று யாரும் நடுவில் உட்கார்ந்ததில்லை. பொய்யன் என்று ஒருவனைச் சொல்லிவிட்டால் பாவம், அவன் ஆயுசுக்கும் ஓர் உண்மை பேச முடியாது. வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் கடைசி வரிவரை அப்படியே இருப்பார்கள். நடுவில் யாரும் எழுந்து போவதில்லை.

இந்த மனிதர்களை எழுதுவதுதான் என் பிழைப்பு. பெங்களூரில் இருக்கும் ஒரு கோச்சிங் கம்பெனிக்கு ஒலிம்பியாட் பிள்ளைகளுக்கான கணக்குகளை எழுதித் தருகிறேன். முன்பு தினமும் அத்திப்பள்ளி டோல்கேட் நெரிசலில் பாதி உயிரை விட்டு அங்கே போய்வந்தேன். இப்போது ஒசூரில் என் வீட்டு ஹாலின் மூலையில் ஒரு மேசை, ஒரு லேப்டாப். முக்கோணமும் வட்டமும், வகுத்தால் மீதி என்ன என்பதும், சமன்பாடுகளும், எத்தனை விதமாக அடுக்கலாம் என்பதும் அந்த மேசையிலிருந்து போகும். கேள்வி, விடை, விளக்கம், படம் நான்கையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அங்கே ஒரு பையன் அதைச் சரிபார்ப்பான். நேரில் பார்த்ததில்லை. கன்னடம் பேசும் பையன், ஆனால் என்னிடம் தமிழில்தான் பேசுவான். ரொம்ப மரியாதையான பிள்ளை.

அவனுக்குப் போவதற்கு முன் என் மகள் பார்த்துவிடுவாள். ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளி விட்டு வந்து, பையைக்கூடக் கழற்றாமல், என் தோள்மேல் மோவாயை வைத்துத் திரையைப் படிப்பாள். "உம்மா, முக்கோணம் விரிகோணமா இருந்தா உன் நிரூபணம் புட்டுக்கும்" என்பாள். முக்கால்வாசி நேரம் அவள் சொல்வது சரியாக இருக்கும். எனக்கு உள்ளுக்குள் பெருமை பொங்கும். வெளியே, போய் முகம் கழுவு என்று விரட்டுவேன். கணக்கு எங்கள் இருவருக்கும் நடுவே ஓடிய பேச்சு. மற்ற வீடுகளில் தாயும் மகளும் சீரியல் பேசுவார்கள், நாங்கள் இதைப் பேசினோம்.

சஹன் என் கணவர் வீட்டுப் பழக்கம். நான் சிங்காரப்பேட்டைப் பக்கத்துக்காரி. எங்கள் வீட்டில் ஆளுக்கொரு தட்டு, அவரவர் சோறு. அவர்கள் தெற்கே கடற்கரை ஊரிலிருந்து வியாபாரத்துக்காக ஒசூர் வந்தவர்கள். அங்கே கல்யாணம், தர்கா கந்தூரி விருந்து என்றால் சஹன் என்ற பெரிய தட்டில் சோற்றைப் பரப்பி நடுவில் வைப்பார்கள். அதைச் சுற்றி உட்கார்ந்து அவரவர் முன்னால் இருப்பதை எடுத்துச் சாப்பிடுவார்கள். அடுத்தவர் பக்கம் கை நீளக் கூடாது. ஆண்களுக்குத் தனி சஹன், பெண்களுக்குத் தனி சஹன். மாமியார் தவறிய பிறகு வீட்டில் நான்கே பேர்: மாமனார், கணவர், நான், மகள். நாலு பேரில் எதைப் பிரித்து எதைச் சேர்ப்பது என்று சொல்லி என் கணவர் ஞாயிற்றுக்கிழமை மதியத்தை ஒரே சஹனாக்கிவிட்டார். மாமனார் கொஞ்ச நாள் முணுமுணுத்தார். எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. பிறகு பழகிவிட்டது. கணவர் ஃப்ரிட்ஜில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்காருவார். அதுதான் அவர் இடம்.

மகள் சின்னவளாக இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை சோற்றில் கை வைத்துக்கொண்டே கேட்டாள்: நாலு பேர் வரிசையில் நின்றால் இருபத்து நாலு விதம், வட்டமாக உட்கார்ந்தால் மட்டும் ஏன் ஆறு விதம்? நான் விளக்கினேன். எல்லாரும் சேர்ந்து ஓர் இடம் தள்ளி உட்கார்ந்தால் யாருக்கும் பக்கத்து ஆள் மாறுவதில்லை, அதனால் அது புது விதம் ஆகாது. ஒருவரை நகராமல் வைத்துவிட்டு மற்றவர்களை மாற்றிப் பார்த்தால்தான் சரியான எண்ணிக்கை வரும். அவளுக்குப் பிடிபடவில்லை. செய்து காட்டு என்றாள்.

"அப்ப நான் அசைய மாட்டேன். எனக்கு முட்டி வலி. நீங்க மூணு பேரும் மாறிக்கிங்க" என்றார் என் கணவர்.

மாறினோம். மாமனார் என் இடத்துக்கு, நான் மகள் இடத்துக்கு, மகள் மாமனார் இடத்துக்கு. மறுபடி. மறுபடி. இவர் மட்டும் ஃப்ரிட்ஜில் சாய்ந்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை மாறும்போதும் அடுத்தவர் பிசைந்து வைத்த சோறு நம் முன்னால் வந்தது. சோறு சில்லிட்டுப் போகிறது என்றும், பேத்தி தின்ற எலும்பெல்லாம் தன் பங்குக்கு வந்துவிட்டது என்றும் மாமனார் புலம்பினார். மகள் எந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாலும் என் கணவர் தன் முன்னால் இருந்த கறித்துண்டை விரலால் அந்தப் பக்கம் தள்ளிவிட்டார். ஆறு விதமும் முடிந்தபோது அவர் முன்னால் வெறும் சோறுதான் இருந்தது. கணக்கில் அவருக்கு அரிச்சுவடியும் தெரியாது. கம்பெனிகளுக்குக் கையுறையும் மெஷின் துடைக்கிற காட்டன் வேஸ்டும் சப்ளை செய்கிற கடைக்காரர். இருந்தாலும் அன்றைக்குப் பிறகு, என் பெண்ணுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அவர் இறந்தது போன வருஷம்.

ராயக்கோட்டை ரோட்டில் இருக்கும் கம்பெனிகளுக்குச் சரக்குப் போட அடிக்கடி போவார். திரும்பி வரும்போது சானமாவுக் காட்டுப் பக்கம் யானை ரோட்டைக் கடந்தால் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். 'யானை, லேட்டாகும்' என்று ஒரு செய்தி அனுப்புவார். அன்று செய்தி வரவில்லை. சாப்பாட்டு நேரம் தாண்டியது. சிக்னல் இருந்திருக்காது என்று நினைத்தேன். யானையாக இருக்கும் என்று மாமனாரும் சொன்னார். என் கணவர் உத்தனப்பள்ளி தாண்டி வண்டியை ஓரங்கட்டி, இண்டிகேட்டரும் போட்டுவிட்டு, ஸ்டியரிங்மேல் தலையை வைத்திருந்திருக்கிறார். நெஞ்சு வலி. தாண்டிப் போனவர்கள் யாரும் நின்று பார்க்கவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த ரோட்டில் ஒரு வண்டி ஓரமாக நின்றால், யானைக்காக நிற்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். வீட்டில் இருந்த நாங்களே அப்படித்தான் நினைத்தோம்.

போன் வந்தபோது நான்கு புள்ளிகள் ஒரே வட்டத்தில் அமையும் என்று நிரூபிக்கும் கணக்கில் இருந்தேன். போனில் சொன்னதைக் கேட்டேன். சரி என்றேன். ஃபைலை சேவ் செய்தேன். லேப்டாப்பை மூடினேன். எழுந்து போய் அடுப்பை அணைத்தேன். பிறகு மாமனாரிடம் போய்ச் சொன்னேன். அன்று பள்ளி விடுமுறை. மகள் அறை வாசலில் நின்று இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவர்கள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். கைமேல் படுத்துத் தூங்கி எழுந்தால் கொஞ்ச நேரம் அந்தக் கை நம்முடையதாகத் தெரியாதே, அப்படி உடம்பு முழுக்க இருந்தது. கிள்ளினால் தெரிந்தது. ஆனால் எனக்கு வலித்த மாதிரி இல்லை. எதிர்வீட்டுப் பெண், கம்பெனி ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அழுதுடுக்கா. உள்ளயே வெச்சிக்கினு இருந்தா ஒடம்புக்கு ஆவாது" என்றாள்.

நான் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். அவள்தான் அழுதுகொண்டே குடித்தாள்.

பிறகு இத்தா. கணவனை இழந்தவள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய நாட்கள். அந்த நாட்களில் எப்படி இருந்தாய் என்று எல்லாரும் பரிதாபமாகக் கேட்கிறார்கள். நன்றாகத்தான் இருந்தேன், அதுதான் பயமாக இருந்தது. கொஞ்ச நாளிலேயே லேப்டாப்பைத் திறந்துவிட்டேன். எண்கள் யாரும் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டவில்லை. ஒரு பெரிய எண்ணைப் பதின்மூன்றால் வகுத்தால் மீதி என்ன என்று கேட்டால், மீதி என்னவோ அதுதான் வரும். கம்பெனியில் என் வேலையை மெச்சினார்கள். அந்த மாதங்களில் நான் எழுதிய கணக்குகள் சுத்தமாகவும் கடினமாகவும் இருந்தன என்று அந்தப் பையன் எழுதியிருந்தான். பசி மட்டும் இல்லை. கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

மகள் என் மேசைப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். ஒலிம்பியாட் புத்தகங்களைக் கட்டிப் பீரோவுக்கு மேலே ஏற்றினாள். பள்ளி டீச்சர் போன் செய்து, ஒலிம்பியாட் பரீட்சைக்குப் பெயர் கொடுத்தவள் ஏன் அதற்கான வகுப்புக்கு வரவில்லை என்று விசாரித்தார். அவள் கணக்கை விட்டது எனக்குப் பெரிதாகப் படவில்லை. விட்டால் விடட்டும், உலகத்தில் கணக்கில்லாமல் எத்தனையோ பேர் சந்தோஷமாக இருக்கிறார்கள். என் தோள்மேல் அந்த மோவாய் இல்லாமல் போனதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. தட்டில் சோற்றை எடுத்துக்கொண்டு போய் அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். மாமனார் டிவிக்கு முன்னால் சாப்பிடுவார். அவருக்கு எதையாவது குறை சொல்லாமல் சோறு இறங்காது. மகன் போன பிறகு அதையும் விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கறி வாங்குவதை மட்டும் விடவில்லை. வாங்கி வந்து சமையலறையில் வைத்துவிட்டுப் போவார். நான் சமைப்பேன். மூன்று பேரும் மூன்று நேரத்தில் மூன்று தட்டில் சாப்பிடுவோம். சஹன் பரணில் கிடந்தது.

ஒருநாள் அறைக்குள் போய், ஏன் இப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள்.

"போன் வந்தப்ப நீ சேவ் பண்ணிட்டுத்தான் எழுந்தே."

நடந்ததுதான். அந்த விரல் எப்படிப் போய் அந்தப் பட்டனை அழுத்தியது என்று எனக்கே தெரியாது. தெரியாததை எப்படி விளக்க முடியும்? அவளைப் பொறுத்தவரை நான் வாப்பாவுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள். ஒரு வரியைக்கூட இழக்கத் தயாராக இல்லாதவள். இனி இவள் எனக்கு இல்லை என்று நினைத்தேன். அதையும் வேறு யாருக்கோ நடப்பது போலத்தான் நினைத்தேன்.

இத்தா முடிந்து சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோச்சிங் கம்பெனிகளுக்கு ஞாயிறுதான் திருநாள். காலையில் அந்தப் பையன் போன் செய்தான். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக நான் அனுப்பியிருந்த தொகுப்பின் முதல் கேள்வியைப் பற்றி. பிள்ளைகள் பயப்படாமல் இருக்க முதலில் ஒரு சுலபமான கேள்வி வைப்போம். ஒரு பெரிய தட்டைச் சுற்றி மூன்று பேர் உட்காருகிறார்கள், எத்தனை விதமாக உட்காரலாம், சுழற்றினால் ஒன்றாகிவிடுபவற்றை ஒரே விதமாகக் கொள்க. அவ்வளவுதான் கேள்வி.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. மூணு பேருக்கு ரெண்டு விதம்தானே வரும்? நீங்க ஆறுன்னு போட்டிருக்கீங்க" என்றான்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த கோபம். நீ பல்லு முளைக்காமல் இருந்தபோதே நான் இதைச் சொல்லிக் கொடுத்தவள் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, ஆறு சரிதான், விளக்கத்தை ஒழுங்காகப் படித்துப் பாருங்கள் என்று போனை வைத்தேன். வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. மூன்று பேர் வட்டமாக உட்கார்ந்தால் இரண்டு விதம்தான். அது எனக்குத் தெரியாதா? ஃபைலைத் திறந்து விளக்கத்தைப் படித்தேன். ஓர் இடத்தை நகராமல் வைத்துக்கொள்வோம், மற்றவர்களை மாற்றி மாற்றி அமைப்போம், ஆறு விதம். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. மறுபடி படித்தேன். விடை தப்பு, விளக்கத்தில் தப்பு இல்லை. ஆறாம் வகுப்புக் கணக்கில் என் பிழையை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இதுவும் போய்விட்டதா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

பின்னால் காலடி கேட்டது. மகள் வந்து நின்றாள். தோள்மேல் சாயவில்லை. ஓர் அடி தள்ளி நின்று திரையைப் படித்தாள். கேள்வியை, விளக்கத்தை, படத்தை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுவாளோ என்று இருந்தது.

"உம்மா, மூணு பேருக்கு ஏன் நாலு புள்ளி வெச்சிருக்கே?" என்றாள்.

அப்போதுதான் படத்தைப் பார்த்தேன். நானே வரைந்த படம்தான். ஆறு வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் நான்கு புள்ளிகள். மூன்று புள்ளிகளுக்கு எழுத்து எழுதி, மாற்றி மாற்றி வைத்திருந்தேன். வலது பக்கத்துப் புள்ளிக்கு எந்த எழுத்தும் இல்லை. ஆறு வட்டத்திலும் அதே இடம், அதே வெறும் புள்ளி.

அவள் கையை நீட்டித் திரையில் அந்தப் புள்ளியைத் தொட்டாள். அடுத்த வட்டத்தில் தொட்டாள். ஒவ்வொன்றாக ஆறாவது வரை தொட்டாள்.

"இது ஃப்ரிட்ஜ் பக்கம்" என்றாள்.

வீட்டில் எங்கோ குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. அவள் குரலை ஒருமாதிரி சரிசெய்துகொண்டு, பழையபடி என்னைத் திருத்துகிறவளாகப் பேசினாள்.

"மூணு பேரும் நெருங்கி உக்காந்தா ரெண்டு. ஒரு எடம் விட்டு உக்காந்தா ஆறு. நீ எடம் விட்டிருக்கே உம்மா. அப்ப ஆறு சரிதான்."

சரிதான். வட்டத்தில் காலி இடத்துக்கும் ஓர் ஆளின் மதிப்பு உண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூட எத்தனையோ முறை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நான்கு பேர் இருந்தபோது எத்தனை விதமோ, மூன்று பேரும் ஒரு காலி இடமும் இருக்கும்போதும் அத்தனை விதம். அவரை நகராமல் வைத்துவிட்டுத்தான் எங்களை நான் மாற்றி மாற்றி உட்கார வைத்திருக்கிறேன். எனக்குத் தெரியாமலே.

அவள் என்னை நாற்காலியில் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் ஒண்டி உட்கார்ந்தாள். விடையைத் தொடவில்லை. கேள்வியில் போய், ஒரு பெரிய தட்டைச் சுற்றி நான்கு இடங்கள் உள்ளன, மூன்று பேர் உட்காருகிறார்கள் என்று மாற்றினாள். சேவ் செய்தாள். செய்த பிறகு அந்த விரல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு என்னைப் பார்க்காமல் எழுந்து போனாள்.

ஸ்டூலை இழுக்கிற சத்தம் கேட்டது. பரணிலிருந்து சஹனை இறக்கினாள். தூசி படிந்து நிறமே தெரியவில்லை. சிங்க்கில் வைத்துத் தேய்த்தாள். மாமனார் டிவியிலிருந்து திரும்பிப் பார்த்தார். யாரும் அவரை அழைக்கவில்லை. டிவியை அணைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, தன் பழைய இடத்தில் உட்கார்ந்தார். நான் சோற்றைக் கொட்டிப் பரப்பினேன். கைப்பழக்கம், தட்டு முழுக்க ஒரே மாதிரி பரவியது. கறியையும் நான்கு பக்கமும் வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் கவனித்தேன். எடுக்கவில்லை.

மூன்று பேரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்தோம். ஃப்ரிட்ஜ் பக்கம் யாரும் நகரவில்லை. மாமனார் பிஸ்மி சொல்லி முதல் கவளத்தை எடுத்தார். கொஞ்ச நேரம் மென்றுவிட்டு, கறி இன்னும் வேக வேண்டும் என்றார். அவர் மகன் போன பிறகு சொன்ன முதல் குறை அது. மகள் சிரிக்கப் பார்த்து, முடியாமல், முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள். பிறகு, சஹனில் அடுத்தவர் பக்கம் கை நீளக் கூடாது என்று தெரிந்தவள், ஃப்ரிட்ஜ் பக்கம் கையை நீட்டினாள். அங்கே இருந்த கறித்துண்டை ஒரு விரலால் மெதுவாகத் தள்ளிக்கொண்டு வந்து என் முன்னால் விட்டாள்.

அழுகை வரும் என்று காத்திருந்தேன். அப்போதும் வரவில்லை. வயிற்றுக்குள் ஏதோ இழுத்தது. என்னவென்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பசி. கறியை எடுத்துச் சாப்பிட்டேன். மாமனார் சொன்னது சரி, இன்னும் வெந்திருக்க வேண்டும். என் பக்கத்துச் சோற்றை முடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் வை என்று மகளிடம் சொன்னேன்.